உடைந்த ஊசிக்குக் கணக்கு

எங்கள் அண்ணிக்குப் பயப்படுவதற்குக் காரணமே வேண்டாம். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் தெருமுனை வரை போய்விட்டு, திரும்பி வந்து பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்ப்பாள். நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பவள் அடுப்பை அணைத்தேனா என்று பாதியில் எழுந்து ஓடுவாள். போன் மணி அடித்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்றுதான் எடுப்பாள். பேசுகிறவர் பாவம், சும்மா நலம் விசாரிக்கக் கூப்பிட்டிருப்பார். கல்யாணமாகி வந்த புதிதிலேயே நான் அவளுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்துவிட்டேன். நாத்தனார் என்று ஒருத்தி இருந்துகொண்டு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? அண்ணி கோபித்துக்கொள்ளவில்லை. வேறு நல்ல பெயர் கிடைக்கவில்லையா என்று மட்டும் கேட்டாள்.

அப்படிப்பட்டவள் தொழில் தொடங்கியதும் பயத்தினால்தான். முதல் பிள்ளை பிறந்தபோது யாரோ கடையில் வாங்கிய சட்டை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதில் கழுத்துக்குப் பின்னால் தைத்திருந்த அட்டை உரசி உரசிக் குழந்தையின் பிடரி சிவந்துவிட்டது. அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். அவர் சிரித்துவிட்டுக் களிம்பு எழுதிக் கொடுத்தார். அவர் சிரித்ததால் இவள் பயம் போய்விடுமா? அன்றிலிருந்து கடைச்சட்டை எதையும் பிள்ளைமேல் படவிடவில்லை. மெத்தென்ற பனியன் துணியாக வாங்கிவந்து தானே தைத்தாள். அட்டை கிடையாது. தையல் விளிம்பெல்லாம் வெளிப்பக்கம். பார்த்தால் சட்டையைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்துத் தன் பேத்திக்கு ஒன்று கேட்டாள். அவளுடைய தங்கை கேட்டாள். பிறகு முன்பின் தெரியாதவர்கள் வந்து கேட்டார்கள்.

படுக்கையறையில் ஒரு மிஷினாக இருந்தது கூடத்துக்கு வந்தது, அங்கே எங்கள் அண்ணன் உட்காரும் நாற்காலியையும் விழுங்கியது. கடைசியில் ஓர் அச்சகத்துக்கு மேல்மாடியில் நீளமான அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். கீழே அச்சு இயந்திரம் ஓடினால் மேலே எங்கள் தரை அதிரும். கட்டடம் இடிந்து விழப்போகிறது என்று அண்ணி பல நாள் சுவரோரமாகவே நடந்தாள். நான் அப்போது ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்தேன். நோயாளிகளின் வசவு கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அதை விட்டுவிட்டு அண்ணியிடம் சேர்ந்துகொண்டேன். நூல் வெட்டுவது, தையல் சரிபார்ப்பது, இஸ்திரி போட்டு மடித்து உறையில் போடுவது என் வேலை. நான் அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுத் தைக்க வரும் பெண்களும் அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஒருமுறை, தொழில் செய்யும் பெண்களுக்கான சங்கம் ஒன்று அண்ணியைக் கூப்பிட்டு மேடையேற்றியது. உங்களைத் தினமும் ஓடவைப்பது எது என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பெண் கனவு என்றாள். கேக் செய்து விற்கும் ஒருவர், தொழில்மேல் இருக்கும் வெறி என்றார். இன்னொருவர் சொந்தக்காலில் நிற்பதைப் பற்றி உட்கார மனமில்லாமல் பேசினார். மைக் அண்ணியிடம் வந்தது. காலையில் எழுந்ததும் பயமாக இருக்கும், அந்தப் பயத்திலேயே ஓடிவந்து கதவைத் திறந்துவிடுவேன், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். அரங்கமே சிரித்துக் கைதட்டியது. எதற்குச் சிரித்தார்கள் என்று வீடு வந்து சேரும்வரை என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவளுடைய பயங்களிலெல்லாம் பெரிய பயம் ஊசி. மின்சார மிஷினில் ஊசி ஓடும் வேகத்துக்கு, தடித்த மடிப்பில் ஒருதரம் தப்பாக இறங்கினால் பட்டென்று ஒடியும். ஒடிந்த முனை எங்கே தெறிக்கும் என்று யாராலும் சொல்லமுடியாது. தரையில் விழலாம். மடியில் விழலாம். தைத்துக்கொண்டிருக்கும் சட்டையின் மடிப்புக்குள்ளேயே தங்கிவிடலாம். அந்தச் சட்டையைத்தான் ஏதோ ஒரு வீட்டில் பச்சைக்குழந்தைக்குப் போடுவார்கள். இதை நினைத்தாலே அண்ணிக்கு ஈரக்குலை நடுங்கும்.

ஆகவே எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. ஊசியை உடைத்தவள் எல்லாத் துண்டையும் ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து அண்ணியிடம் கொண்டுவர வேண்டும். அண்ணி துண்டுகளைச் சேர்த்துவைத்துப் பார்ப்பாள். முழு ஊசி ஆகிவிட்டால் புது ஊசி கிடைக்கும், உடைந்தது அவள் மேசைமேல் இருக்கும் கண்ணாடிப் பாட்டிலுக்குள் போகும். ஒரு துண்டு குறைந்தாலும் போச்சு. எல்லா மிஷினும் நிற்கும். தைத்தது, தைக்காதது எல்லாவற்றையும் உதறவேண்டும். தரையைக் கூட்டவேண்டும், செருப்பைத் திருப்பிப் பார்க்கவேண்டும், கொண்டையைக்கூட அவிழ்த்து உதறவேண்டும். அண்ணி காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு மண்டிபோட்டு மிஷின் மிஷினாகத் தேடுவாள். கிடைக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போகமுடியாது. யாரையும் திட்டமாட்டாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். முகம் மட்டும் வெளுத்துப்போய், உதடு இறுகிப்போய் இருக்கும். நான் ஏதாவது கிண்டலடித்துக்கொண்டே தேடுவேன். மற்றவர்களும் என்னைப்போல உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் தேடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

பெரிய சாலையில் குழந்தைத் துணிக்கென்றே ஒரு கடை உண்டு. அந்தக் கடைக்குள் தன் சட்டை போகவேண்டும் என்று அண்ணி வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். அவர்கள் புதிதாக ஒரு தளம் திறந்தபோது, பிறந்த குழந்தைக்கான மஞ்சள் சட்டை வேண்டும் என்று ஆர்டர் வந்தது. அண்ணி சந்தோஷப்பட்டிருப்பாள் என்று நினைக்கிறீர்களா? அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரக்கு போகவேண்டிய நாளன்று காலையிலேயே வேன் வாசலில் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணி ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக டிரைவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து, எக்ஸ்பிரஸ் என்று நாங்கள் கூப்பிடும் பெண் ஊசியை உடைத்தாள். எக்ஸ்பிரஸ் எங்களில் வேகமாகத் தைப்பவள். கழுத்துப்பட்டி வைக்க அவளை விட்டால் ஆள் இல்லை. வெள்ளைத் தட்டு வந்தது. அண்ணி போனில் பேசியபடியே துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தாள். முழு ஊசி. புது ஊசியை எடுத்துக் கொடுத்தாள். சற்று நேரத்தில் வேன் கிளம்பிப் போய்விட்டது.

சாயங்காலம் மிஷின்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தோம். அண்ணி தட்டிலிருந்த துண்டுகளைப் பாட்டிலில் போடுவதற்காகக் கையில் எடுத்தாள். முனையை விரல் நுனியால் ஒருதரம் தொட்டுப் பார்ப்பது அவள் பழக்கம். தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். விரலில் பொட்டாக ரத்தம்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும். பனியன் துணிக்குப் போடும் ஊசியின் முனை லேசாக உருண்டிருக்கும். அது நூலை அறுக்காமல் விலக்கிக்கொண்டு இறங்கவேண்டும். எப்போதாவது மற்றத் துணி தைக்கும்போது போடும் ஊசிதான் இப்படிக் கூராக இருக்கும். எக்ஸ்பிரஸ் தைத்தது பனியன் துணி.

அண்ணி துண்டுகளை விளக்குக்குக் கீழே வைத்து மறுபடியும் சேர்த்துப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். உடைந்த இடம் ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தது. 

எக்ஸ்பிரஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கப் போனாள். அண்ணி கூப்பிட்டதும் நின்றாள், ஆனால் திரும்பவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணி பக்கத்தில் போய் முனை எங்கே என்று கேட்டாள். தட்டில் இருக்கிறதே என்றாள் எக்ஸ்பிரஸ். இரண்டாம் தடவை கேட்டபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை. மூன்றாம் தடவை கேட்பதற்குள் அழுதுவிட்டாள்.

முனை கிடைக்கவில்லையாம். மடியிலும் தரையிலும் மிஷினுக்கடியிலும் தேடிப் பார்த்தாளாம். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தபோது பாட்டிலிலிருந்து பழைய முனை ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டாளாம். போன மாதம் ஊசி தேடியபோது எங்களையெல்லாம் இருட்டும்வரை நிறுத்திவைத்திருந்தாள் அண்ணி. அன்றைக்கு எக்ஸ்பிரஸின் மகள் பூட்டிய பள்ளிக்கூட வாசலில் தனியாக நின்றிருக்கிறாள். யாரோ ஒருவன் வந்து, வா வீட்டில் விடுகிறேன் என்று கையைப் பிடித்திருக்கிறான். நல்லவேளை, எதிர்க் கடைக்காரர் பார்த்து அதட்டியதால் ஓடிவிட்டான். இதை எக்ஸ்பிரஸ் எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கும் அப்படி ஆகிவிடக்கூடாது என்று இதைச் செய்திருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை நாலு கேள்வி கேட்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அந்தக் குழந்தை பூட்டிய வாசலில் நின்றதை நினைத்ததும் மூடிக்கொண்டேன்.

அண்ணனுக்குப் போன் செய்தோம். அண்ணன் சாமர்த்தியசாலி. உண்மையைச் சொன்னால் தொழில் அத்தோடு காலி, சாயம் போகிறது என்று ஏதாவது சொல்லி மஞ்சள் சட்டையை மட்டும் நைசாகத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் பொய் சொல்லவும் ஒரு தைரியம் வேண்டுமே, அது அண்ணியிடம் மருந்துக்கும் கிடையாது. எக்ஸ்பிரஸை, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போய் வீட்டில் விட்டுவிட்டு நேராக அந்தக் கடைக்கு வரச்சொன்னாள். காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டாள். வாடகைக் காரில் போகும்போது அவள் கை என் கையைப் பிடித்திருந்தது. 

கடைக்காரரிடம் அண்ணி மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் புரியாமல் சிரித்தார். புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார். நேற்றுத் திறந்த தளத்தில் இன்றைக்கே ஊசியா என்று அவர் போட்ட சத்தத்தில் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் சரக்கு இனி என் வாசல்படி ஏறக்கூடாது, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போங்கள் என்றார். எத்தனை வருஷம் காத்திருந்து நுழைந்த வாசல் அது. அண்ணி அதைக் காதில் வாங்கினாளா என்பதே எனக்குத் தெரியவில்லை. மஞ்சளில் எதுவும் விற்றுவிட்டதா என்று மட்டும் கேட்டாள்.

சரக்கு அறைக்குள் மூவரும் உட்கார்ந்து சட்டை சட்டையாகக் காந்தத்தை ஓட்டினோம். எக்ஸ்பிரஸ் அதற்குள் மூச்சுவாங்க வந்து சேர்ந்திருந்தாள். ஒவ்வொரு கழுத்துப்பட்டியையும் தடவும்போது, இதில் இருந்துவிடாதா என்று வேண்டிக்கொண்டேன். இருக்கக்கூடாது என்று நினைக்கவேண்டியதை, இருக்கவேண்டுமே என்று நினைத்தேன். கடைசிச் சட்டை வரை எதிலும் இல்லை.

ஒரே ஒரு மஞ்சள் சட்டைதான் விற்றிருந்தது. கல்லாவிலிருந்த பெண்ணுக்கு வாங்கியவரை நினைவிருந்தது. எதிரே மருந்துக்கடையில் வேலை செய்பவர், தங்கைக்குக் குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்திருக்கிறது, இன்றைக்கே போடவேண்டும் என்று விலைச்சீட்டை அங்கேயே கத்தரிக்கச் சொன்னாராம். மருந்துக்கடைக்கு ஓடினோம். அவர் மத்தியானமே வேலை முடிந்து போய்விட்டார். கூட வேலை செய்பவர் கொடுத்த எண்ணுக்கு அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. விலாசத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

அடுக்குமாடி வீடு, இரண்டாம் மாடி. லிப்ட் வருவதற்குள் அண்ணி படியேற ஆரம்பித்துவிட்டாள். கதவுக்கு முன்னால் போய் நின்றதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உள்ளே குழந்தை சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஒன்றும் கேட்கவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. நான்தான் அழைப்புமணியை அழுத்தினேன்.

மருந்துக்கடைக்காரர்தான் கதவைத் திறந்தார். உதட்டில் விரலை வைத்து மெதுவாகப் பேசச் சொன்னார். குழந்தை மத்தியானத்திலிருந்து ஒரே அழுகை, பால் கொடுத்தாலும் நிற்கவில்லை, வயிற்றுவலியாக இருக்கும் என்று மருந்து கொடுத்து, இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறது என்றார். அதனால்தான் போனையும் எடுக்கவில்லையாம். அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். 

அவருடைய தங்கை உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். தூக்கமில்லாத கண், அவிழ்ந்த கூந்தல். தோளில் குழந்தை. மஞ்சள் சட்டை.

"அம்மா, அந்தச் சட்டையை நான்தான் தைச்சுக் குடுத்தேன்," என்றாள் அண்ணி. "அதுல உடைஞ்ச ஊசி இருக்கலாம். கழட்டிடுங்க. இழுக்காதீங்க, நான் கத்தரிச்சு எடுக்கறேன்."

அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்கிறோம் என்றே புரியவில்லை. அண்ணி கத்தரியை எடுத்ததும் குழந்தையை இறுக்கி அணைக்கப் போனாள். வேண்டாம், அழுத்தாதீங்க என்று எக்ஸ்பிரஸ் கத்திவிட்டாள். குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. அண்ணனும் தங்கையுமாகக் கட்டிலில் கிடத்திப் பிடித்துக்கொள்ள, அண்ணி முன்பக்கத்தைக் கீழிருந்து மேலாகக் கத்தரித்துச் சட்டையைக் கையோடு சேர்த்து விலக்கி எடுத்தாள். 

குழந்தையின் பிடரிக்குக் கீழே மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று இருந்தது. பூனைக்குட்டி பிறாண்டின மாதிரி. கோட்டின் முடிவில் ஒரு புள்ளி, அதில் ரத்தம் காய்ந்திருந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. மருந்துக்கடைக்காரர் விரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே எதுவும் போகவில்லை என்றார்.

அண்ணி சட்டையைத் தரையில் விரித்துக் கழுத்துப்பட்டியின்மேல் காந்தத்தைக் கொண்டுபோனாள். பட்டியின் பின்பக்கம், நடுவில், துணி தானாக எழும்பிக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. மடிப்பைப் பிரித்தாள். எள்ளளவு இரும்பு. உருண்ட முனை.

 குழந்தை விசும்பி விசும்பி அடங்கியது. அண்ணி எழுந்து கைகூப்பினாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன், எந்த டாக்டரிடம் சொன்னாலும் வருகிறேன் என்றாள். அந்தப் பெண் அவளைப் பார்க்கவே இல்லை. பிள்ளையின் முதுகை மூடியபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போங்க. முதல்ல வெளிய போங்க."

மருந்துக்கடைக்காரர் எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். வந்து சொன்னதால் தப்பித்தது என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். உள்ளே தங்கை அழும் சத்தம் கேட்டதும் பாதியில் கதவைச் சாத்திக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் மூவரும் உட்கார்ந்தோம். எனக்குத்தான் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அது போதும், கடை போனால் இன்னொரு கடை என்று பேசிக்கொண்டே போனேன்.  அண்ணி முனையைத் தாளில் மடித்துக் கையில் வைத்திருந்தாள். எக்ஸ்பிரஸ் பெஞ்சின் மறுகோடியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணி தன்னை வேலையை விட்டு நிறுத்திவிடப் போகிறாள் என்று எதிர்பார்க்கிறாள் என்பது பார்த்தாலே தெரிந்தது. நிறுத்தினாலும் தப்பில்லை என்றுதான் எனக்கும் தோன்றியது.

வெகுநேரம் கழித்து அண்ணி அவள் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"பொண்ணு தனியா நிக்கறான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நானே போய்க் கூட்டிட்டு வந்திருப்பேனே. ஏன் சொல்லல?"

எக்ஸ்பிரஸ் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். எங்கள் பஸ் வந்தது. நின்றது. நாங்கள் ஏறாததைப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனது.

"பயமா இருந்துச்சு அண்ணி."

"எதுக்குப் பயம்? வேலை போயிடும்னா?"

"வேலைக்கு இல்ல." எக்ஸ்பிரஸ் நிமிர்ந்தாள். "ஊசி தேடுறப்ப உங்க மூஞ்சியைப் பார்த்தாலே பயம். எனக்கு மட்டுமில்ல, நம்ம பட்டறைல எல்லாருக்கும்தான். ஊசி உடைஞ்சாலே எங்களுக்குக் கை காலெல்லாம் உதறும்."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியெல்லாம் இல்லை என்று நான் சொல்லவேண்டும். நான் பஸ் போன திசையைப் பார்த்தேன்.

"என்னைப் பார்த்தா?" என்றாள் அண்ணி.